நூலகத் தரவுத்தளங்களில் முதன்மைச் சான்றுகளைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரலாற்றுப் பாடத்தில் முதல் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களும், ஆர்வத்தால் ஏதோ ஒரு பழைய சம்பவத்தைத் துரத்துகிறவர்களும் தரவுத்தளத்தின் தேடுபெட்டிக்கு முன்னால் வந்ததும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அப்படி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் ஐந்தாவது கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

1. முதன்மைச் சான்று என்றால் பழைய ஆவணம் என்று பொருளா?

பழசாக இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் ஆராயும் காலத்தில் வாழ்ந்தவர்கள் விட்டுச்சென்றதுதான் முதன்மைச் சான்று: கடிதம், நாட்குறிப்பு, நாளிதழ், நீதிமன்றப் பதிவு, வரைபடம், விளம்பரம், கணக்குப் புத்தகம், புகைப்படம். அவற்றைப் படித்துவிட்டுப் பின்னால் வந்த ஒருவர் எழுதும் ஆய்வு இரண்டாம் நிலைச் சான்று.

ஒரே தாள் இரண்டாகவும் இருக்கலாம். 1950இல் அச்சான ஒரு பள்ளிப் பாடநூல் 1789ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிப் பேசுகிறது என்று வையுங்கள். புரட்சியை ஆராய்கிறவருக்கு அது இரண்டாம் நிலைச் சான்று, அதுவும் காலாவதியானது. 1950களில் மாணவர்களுக்குப் புரட்சியை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஆராய்கிறவருக்கோ அதுவே முதன்மைச் சான்று. உங்கள் கேள்வியை முதலில் எழுதி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

நினைவுக் குறிப்புகள் கொஞ்சம் சங்கடமானவை. எழுதியவர் நேரில் கண்டவர்தான், ஆனால் முப்பது நாற்பது வருடம் கழித்து எழுதுகிறார். அதற்குள் நடந்ததெல்லாம் அவர் நினைவில் கலந்திருக்கும். பயன்படுத்தலாம், ஆனால் அன்றன்று எழுதிய நாட்குறிப்புக்குச் சமமாக வைக்கக் கூடாது.

2. கூகுளில் தேடினால் போதாதா?

தொடங்குவதற்குப் போதும். ஆனால் நூலகங்கள் சந்தா கட்டி வாங்கும் நாளிதழ்த் தொகுப்புகளும் ஆவணத் தொகுப்புகளும் பெரும்பாலும் உள்நுழைவுக்குப் பின்னால் இருக்கின்றன. கூகுள் அவற்றின் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. இலவசமாகத் திறந்திருக்கும் தொகுப்புகளிலும் ஒவ்வொரு பக்கத்தையும் அது படித்திருக்கும் என்று நம்ப முடியாது. தேதி, பத்திரிகையின் பெயர், ஆவண வகை என்று பிரித்துத் தேட வேண்டுமானால் அந்தந்தத் தளத்துக்குள் போய்த்தான் ஆகவேண்டும்.

3. எந்தத் தரவுத்தளத்தில் என்ன கிடைக்கும்?

எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் தளம் கிடையாது. பலர் ஜேஸ்டோரில் தேடிவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். ஜேஸ்டோர் முதன்மையாக ஆய்விதழ்களின் களஞ்சியம். அதாவது, அதில் இருப்பதில் பெரும்பகுதி இரண்டாம் நிலை எழுத்து. விதிவிலக்கும் உண்டு: லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ் 1665இலேயே தொடங்கியது. அறிவியல் வரலாற்றை ஆராய்கிறவருக்கு அதன் பழைய இதழ்கள் முதன்மைச் சான்றுகள்தான்.

அச்சான பழைய ஆங்கில நூல்களுக்கு இரண்டு பெரிய தொகுப்புகள் உள்ளன. 1700 வரை அச்சானவை எர்லி இங்கிலீஷ் புக்ஸ் ஆன்லைனிலும், 1701 முதல் 1800 வரையிலானவை எய்ட்டீன்த் செஞ்சுரி கலெக்ஷன்ஸ் ஆன்லைனிலும் இருக்கின்றன. நாளிதழ்களுக்கு புரோக்வெஸ்ட், கேல் நிறுவனங்களின் தொகுப்புகளைப் பார்க்கலாம். லண்டன் டைம்ஸ் 1785இலிருந்தே டிஜிட்டல் வடிவில் கிடைக்கிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்களுக்கு ஹான்சார்ட் தளம் இருக்கிறது, அது 1803இல் தொடங்குகிறது. எந்த நூலகத்தில் எந்த நூல் அல்லது கையெழுத்துப் படி இருக்கிறது என்று அறிய வேர்ல்ட்கேட் உதவும்.

சில தளங்கள் ஒரே வகை ஆவணத்தை மட்டும் ஆழமாகக் கொடுக்கும். பெரும்பாலும் இவைதான் ஆய்வாளருக்குப் புதையல். லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் 1674 முதல் 1913 வரை நடந்த ஏறக்குறைய 2 லட்சம் விசாரணைகளின் அச்சுப் பதிவுகள் ஒரே தளத்தில் இலவசமாக இருக்கின்றன. குற்றத்தின் வகை, தீர்ப்பு, குற்றம் சாட்டப்பட்டவர் ஆணா பெண்ணா என்றெல்லாம் வடிகட்டித் தேடலாம். அட்லாண்டிக் அடிமை வணிகத்தை ஆராய்கிறவர்களுக்கு ஸ்லேவ் வாயேஜஸ் தளத்தில் 36,000க்கும் மேற்பட்ட கப்பல் பயணங்களின் விவரங்கள் உள்ளன.

4. நூலகக் கேட்டலாக்கில் முதன்மைச் சான்றுகளை மட்டும் பிரித்தெடுக்க வழி உண்டா?

உண்டு, ஏனோ இதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. பல நாடுகளில் நூலகர்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளை வைத்து நூல்களை வகைப்படுத்துகிறார்கள். அந்தத் தலைப்புகளுக்குப் பின்னால் ஒட்டும் துணைத் தலைப்புகளில் சில, முதன்மைச் சான்றுகளை நேராகக் காட்டிக்கொடுக்கும். "சோர்சஸ்" என்று இருந்தால் மூல ஆவணங்களின் தொகுப்பு. "கரஸ்பாண்டன்ஸ்" என்றால் கடிதங்கள், "டயரீஸ்" என்றால் நாட்குறிப்புகள். "பர்சனல் நேரேட்டிவ்ஸ்" என்றால் ஒரு போரையோ நிகழ்வையோ அனுபவித்தவர்களின் நேரடிக் குறிப்புகள்.

ஆகவே உங்கள் பொருளின் பெயரோடு இந்தச் சொற்களில் ஒன்றைச் சேர்த்து, 'பொருள்' என்ற புலத்தில் தேடுங்கள். சரியான ஒரு நூல் கிடைத்துவிட்டால் அதன் பதிவைத் திறந்து, அங்கே இருக்கும் பொருள் தலைப்பைச் சொடுக்குங்கள். அதே தலைப்பின்கீழ் வந்த மற்ற நூல்களெல்லாம் வரிசையாக வரும். நூலகர்கள் பல ஆண்டுகளாக உட்கார்ந்து செய்து வைத்த வேலை அது. சும்மா விடுவானேன்?

5. பொருத்தமான சொல்லைத்தான் போட்டேன். ஏன் ஒன்றும் வரவில்லை?

அது உங்கள் காலத்துக்குப் பொருத்தமான சொல். ஆவணம் எழுதப்பட்ட காலத்துக்கு அது பொருந்த வேண்டுமே!

1916ஆம் ஆண்டு நாளிதழில் "முதல் உலகப் போர்" என்று தேடினால் ஏறக்குறைய எதுவும் கிடைக்காது. இரண்டாவது போர் வரும் என்று தெரியாதவர்கள் அதை எப்படி முதலாவது என்று சொல்வார்கள்? ஆங்கிலப் பத்திரிகைகளில் அது "கிரேட் வார்", அமெரிக்கப் பத்திரிகைகளில் பல சமயம் "யூரோப்பியன் வார்". காசநோயை ஆராய்கிறவர் 18, 19ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் "டியூபர்குலோசிஸ்" என்று மட்டும் தேடினால் பெரும்பகுதி நழுவிப்போகும். "கன்சம்ப்ஷன்", "தைசிஸ்" ஆகியவற்றையும் போட்டுத் தேட வேண்டும். 1918 பெருந்தொற்று "ஸ்பானிஷ் இன்ஃபுளுவென்சா" என்றும் "கிரிப்" என்றும் பதிவாகியிருக்கிறது.

ஊர்ப் பெயர்களிலும் இதே கதைதான். சென்ட் பீட்டர்ஸ்பர்க் 1914இல் பெட்ரோகிராட் ஆனது, 1924இல் லெனின்கிராட் ஆனது, 1991இல் பழைய பெயருக்கே திரும்பியது. 1920இல் வந்த செய்தியைத் தேடும்போது எந்தப் பெயரைப் போட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். ஜகார்த்தாவின் பழைய பெயர் பட்டாவியா. 1883 ஆகஸ்டில் வெடித்த கிரகடோவா எரிமலையை ஆங்கிலப் பத்திரிகைகளில் தேடினால் பெரும்பாலும் தந்தியில் வந்த செய்திதான் கிடைக்கும். அருகிலிருந்து எழுதப்பட்டதைப் படிக்க வேண்டுமானால் அப்போது டச்சு ஆட்சியில் இருந்த அந்தப் பகுதியின் டச்சுப் பத்திரிகைகளுக்குப் போக வேண்டும். நெதர்லாந்தின் டெல்ஃபர் தளத்தில் அவை இருக்கின்றன, அங்கே "கிரகடாவ்" என்ற டச்சு எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும்.

பெண்களைத் தேடுகிறவர்களுக்கு இன்னொரு தடை. ஆங்கிலப் பத்திரிகைகளில் மணமான பெண்ணின் சொந்தப் பெயரே வராமல், கணவரின் முழுப்பெயருக்கு முன்னால் "மிசஸ்" என்று மட்டும் போட்டிருப்பார்கள். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் வைத்து எத்தனை நாள் தேடினாலும் அவர் அகப்பட மாட்டார். இன்று நாம் அச்சிலேயே போடத் தயங்கும், இழிவான சொற்களும் ஆவணங்களில் இருக்கும். அவற்றைப் போட்டுத்தான் தேட வேண்டியிருக்கும். உங்கள் கட்டுரையில் அவற்றை எப்படிக் கையாளுவது என்பது வேறு விஷயம்.

இதில் குழப்பம் தரும் ஒரு நுணுக்கமும் உண்டு. மேலே நான்காவது கேள்வியில் சொன்ன பொருள் தலைப்புகள் நூலகர்கள் வைத்தவை. அங்கே "வேர்ல்ட் வார், 1914-1918" என்றுதான் இருக்கும், "கிரேட் வார்" என்று தேடிப் பயனில்லை. ஆவணத்தின் உள்ளே இருக்கும் வரிகளில் தேடும்போதோ அக்காலத்தவரின் சொல் வேண்டும். கேட்டலாக்குக்கு ஒரு சொற்பட்டியல், முழு உரைத் தேடலுக்கு இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தக் காலச் சொற்களை எங்கே பிடிப்பது? நல்ல ஓர் ஆய்வு நூலில் மேற்கோள் குறிக்குள் வரும் பகுதிகளைப் பாருங்கள். அப்புறம், முதலில் கிடைக்கும் நாலைந்து ஆவணங்களைத் தகவலுக்காக இல்லாமல் சொற்களுக்காகவே ஒருமுறை படியுங்கள். எழுதியவர்கள் அந்த விஷயத்தை எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்று குறித்து வையுங்கள். அடுத்த தேடலில் பலன் தெரியும்.

6. அந்தச் சொல் பக்கத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. தளம் ஏன் அதைக் கண்டுபிடிக்கவில்லை?

ஏனென்றால் தளம் பக்கத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தின் படத்திலிருந்து ஓசிஆர் மென்பொருள் ஊகித்து எடுத்த எழுத்துகளைத்தான் அது தேடுகிறது. பல நாளிதழ்கள் முதலில் மைக்ரோஃபிலிமாகி (பக்கங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த ஃபிலிம் சுருள்), அந்த ஃபிலிமிலிருந்து டிஜிட்டல் ஆனவை. மங்கிய மை, மடிந்த தாள், ஒட்டி ஒட்டி அச்சான பத்திகள் எல்லாம் சேர்ந்து எழுத்துகளைக் குதறிவிடும். 1800க்கு முந்தைய ஆங்கில அச்சில் இன்னொரு தொல்லை. அக்காலத்து நீள எஸ் எழுத்து, பார்வைக்கு எஃப் மாதிரியே இருக்கும். மென்பொருளும் அதை எஃப் என்றே படித்துவிடும். எஸ் வரும் இடத்தில் எஃப் போட்டும் ஒருமுறை தேடிப் பாருங்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

கேல் நிறுவனத்தின் சில தளங்களில், எழுத்து கொஞ்சம் மாறியிருந்தாலும் பிடித்துக்கொடுக்கும் "ஃபஸி" தேடல் உண்டு. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் ஓசிஆர் பிழைகளை வாசகர்களே திருத்தலாம், அப்படி ஏராளமான வரிகளைத் திருத்தியும் இருக்கிறார்கள்.

இவை எதுவும் உதவாதபோது ஒரே வழிதான்: தேதி தெரிந்தால், அந்த நாள் இதழைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டுவது. தேடுபெட்டி வருவதற்கு முன் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

7. ஆண்ட், ஆர், நாட் எல்லாம் இன்னும் தேவையா?

தேவை. இவை தேடல் சொற்களை இணைக்கும் ஆங்கிலச் சொற்கள். ஒரே பொருளுக்கு மூன்று சொற்கள் இருந்தால் அவற்றை அடைப்புக்குறிக்குள் போட்டு நடுவில் "ஆர்" வையுங்கள். ஐந்தாவது கேள்வியில் சேர்த்த சொற்பட்டியல் இங்கேதான் பயன்படும். "ஆண்ட்" இரண்டு சொற்களும் இருக்க வேண்டும் என்று கேட்கும். "நாட்" என்பதை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். வேண்டாத சொல் தற்செயலாக வந்துவிட்ட நல்ல ஆவணத்தையும் அது தூக்கிப் போட்டுவிடும்.

நாளிதழ்களில் "ஆண்ட்" மட்டும் போதாது. ஒரு சொல் மேல் பத்தியில் கொலைச் செய்தியிலும், இன்னொரு சொல் கீழே சோப்பு விளம்பரத்திலும் இருக்கும், தளம் இரண்டையும் சேர்த்து நீட்டிவிடும். அதற்குத்தான் அண்மைத் தேடல். இரண்டு சொற்களும் ஐந்து சொல் தொலைவுக்குள் வர வேண்டும் என்று கேட்கலாம். புரோக்வெஸ்டில் சொற்களுக்கு நடுவே நியர்/5 என்று ஆங்கிலத்தில் போடுவார்கள், எப்ஸ்கோ என்ற இன்னொரு தரவுத்தள நிறுவனத்திலும் கேலிலும் என்5. சொல்லின் வால்பகுதி மாறக்கூடுமானால் * குறி போடலாம். ஒவ்வொரு தளத்தின் விதியும் கொஞ்சம் மாறும் என்பதால் 'உதவி' பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: சில தளங்களில் சாதாரணத் தேடல் தலைப்பையும் விவரக்குறிப்பையும் மட்டுமே பார்க்கும். 'முழு ஆவணம்' என்பதை நீங்களாகத் தேர்ந்தெடுத்தால்தான் உள்ளே போகும்.

8. தேதி வடிகட்டியை நம்பலாமா?

நாளிதழ்களுக்கு ஓரளவு நம்பலாம். ஆனால் சம்பவம் நடந்த நாளுக்கும் செய்தி அச்சான நாளுக்கும் இடைவெளி உண்டு. தந்திக் கம்பி வருவதற்கு முன் கடல் தாண்டிய செய்தி கப்பலில்தான் வந்தது, சில வாரமோ சில மாதமோ ஆகும். வடிகட்டியை அதற்கேற்ப நீட்டி வையுங்கள்.

நாட்காட்டி மாற்றமும் காலை வாரும். இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. இன்று நாம் 1649 ஜனவரி 30 என்று சொல்லும் முதலாம் சார்லஸ் மன்னரின் மரண தண்டனை நாளை அக்கால ஆவணங்கள் 1648 என்று குறிப்பது அதனால்தான். 1752இல் பிரிட்டன் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது. ரஷ்யா 1918இல்தான் மாறியது. ரஷ்யாவின் "அக்டோபர்" புரட்சியை மற்ற நாட்டுப் பத்திரிகைகளில் நவம்பரில் தேட வேண்டும்.

தேதியே இல்லாத ஆவணங்களுக்கு நூலகர் உத்தேச ஆண்டு போட்டிருப்பார், சில சமயம் அதுவும் இருக்காது. வடிகட்டி போட்டதும் அவை பட்டியலிலிருந்து காணாமல் போய்விடலாம். ஆகவே முதல் தேடலை வடிகட்டி இல்லாமலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

9. எல்லாம் சரி, எங்கிருந்து தொடங்குவது?

தரவுத்தளத்திலிருந்து வேண்டாம் என்பேன். உங்கள் பொருள் பற்றி அண்மையில் வந்த ஒரு நல்ல ஆய்வு நூலையோ கட்டுரையையோ எடுத்து, அதன் அடிக்குறிப்புகளைப் படியுங்கள். எந்த ஆவணக்காப்பகம், எந்தத் தொகுதி, எந்தப் பத்திரிகை என்று அங்கே பச்சையாக எழுதியிருக்கும். ஜேஸ்டோர் போன்றவை உண்மையில் உதவுவது இங்கேதான். வெளிவராத முனைவர் பட்ட ஆய்வேடுகளின் பின்னிணைப்புகள் இன்னும் தாராளமாக இருக்கும். நூலாசிரியர் இடமின்றி வெட்டியதை ஆய்வு மாணவர் வெட்டியிருக்க மாட்டார்.

அடிக்குறிப்பில் கண்டதை அப்படியே உங்கள் அடிக்குறிப்பில் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். மூல ஆவணத்தைத் திறந்து படியுங்கள். மேற்கோள் வெட்டப்பட்ட இடத்துக்கு அடுத்த வரியில்தான் உங்களுக்கு வேண்டிய விஷயம் இருக்கக்கூடும்.

10. ஒரே செய்தி இருபது பத்திரிகைகளில் வந்திருக்கிறது. உறுதியான சான்றுதானே?

பெரும்பாலும் ஒரே சான்றுதான், இருபது முறை அச்சானது. 19ஆம் நூற்றாண்டில் பத்திரிகைகள் ஒன்றையொன்று தாராளமாக எடுத்துப் போட்டுக்கொண்டன. ஏபி 1846இலும் ராய்ட்டர்ஸ் 1851இலும் தொடங்கிய பிறகு, ஒரே செய்தி நிறுவனத்தின் வரிகள் ஊரெங்கும் அச்சாகின. இருபதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொற்றொடர்கள் அப்படியே ஒத்துப்போனால் மூலம் ஒன்றுதான். தேதியில் முந்தியது எது, யார் எங்கிருந்து அனுப்பியது என்று தேடுங்கள்.

நேரத்துக்கு நெருங்கிய செய்தி சரியாகத்தான் இருக்கும் என்பதும் இல்லை. 1912 ஏப்ரல் 15 அன்று டைட்டானிக் பயணிகள் எல்லோரும் பிழைத்துவிட்டார்கள், கப்பலை ஹாலிஃபேக்ஸுக்கு இழுத்து வருகிறார்கள் என்று சில பத்திரிகைகள் எழுதின. உண்மையில் 1,500 பேர் அளவில் இறந்திருந்தார்கள். கப்பலுக்கு என்ன ஆனது என்பதற்கு அந்தச் செய்திகள் சான்று ஆகாது. அன்று கரையில் இருந்தவர்கள் எதை நம்பினார்கள் என்பதற்கு அவற்றைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

11. எவ்வளவு தேடியும் ஒன்றும் இல்லை. அப்படியானால் அது நடக்கவே இல்லை என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். "இன்ன தளத்தில், இன்ன ஆண்டுகளில், இன்ன சொற்களில் தேடியபோது கிடைக்கவில்லை" என்று எழுதலாம், அவ்வளவுதான்.

ஒரு தரவுத்தளத்தில் ஒன்று இருக்க வேண்டுமானால் முதலில் யாராவது அதை எழுதியிருக்க வேண்டும், யாராவது பாதுகாத்திருக்க வேண்டும், அப்புறம் யாராவது காசு செலவழித்து டிஜிட்டல் ஆக்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் பெரிய நகரங்களும் பெரிய மொழிகளும் அரசு அலுவலகங்களும் முந்திக்கொள்கின்றன, எழுதத் தெரியாதவர்களின் குரல் பின்தங்குகிறது. சட்டமும் ஒரு கோடு போடுகிறது. அமெரிக்காவில் வெளியான பழைய நூல்களுக்குப் பொதுவாக 95 ஆண்டுகள் பதிப்புரிமை என்பதால், அந்தக் காலம் இன்னும் முடியாதவை இலவசத் தளங்களில் முழுதாகக் கிடைப்பது குறைவு.

இது ஆய்வாளர்களின் எழுத்தையே வளைத்திருக்கிறது. கனடாவில் டொரண்டோ ஸ்டார், குளோப் அண்ட் மெயில் ஆகிய இரண்டு நாளிதழ்களும் டிஜிட்டல் ஆன பிறகு வரலாற்று ஆய்வேடுகளில் அவற்றின் மேற்கோள்கள் வெகுவாகக் கூடின. டிஜிட்டல் ஆகாத நாளிதழ்களுக்கு அப்படி ஒரு வளர்ச்சி இல்லை. ஒரு நகரத்துப் பத்திரிகை எளிதாகக் கிடைத்தது என்பதற்காக அது நாடு முழுவதற்கும் பேசத் தொடங்கிவிடுகிறது. எனவே தளத்தின் 'எங்களைப் பற்றி' பக்கத்தையும், அதில் எந்தப் பத்திரிகை எந்த ஆண்டுகளுக்கு இருக்கிறது என்ற பட்டியலையும் தேடலுக்கு முன்பே பாருங்கள். இடையில் ஐந்து வருட இதழ்கள் இல்லை என்பது அங்கேதான் தெரியவரும்.

12. டிஜிட்டல் ஆகாத ஆவணங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆவணக்காப்பகங்களில் இருப்பதில் இணையத்துக்கு வந்தது சிறு பங்குதான். மீதிக்கு வழிகாட்டி, காப்பகத்தார் தயாரிக்கும் ஆவண விவரப்பட்டியல். ஆங்கிலத்தில் ஃபைண்டிங் எய்ட் என்பார்கள். ஒரு சேகரிப்பு யாருடையது, எப்படி வந்து சேர்ந்தது, எந்தப் பெட்டியில் எந்தக் கோப்பு என்று அதில் இருக்கும். ஒவ்வொரு கடிதத்தையும் அது பெயர் சொல்லிக் காட்டாது. "கடிதங்கள், 1861 முதல் 1870 வரை, பெட்டி 4" என்ற அளவோடு நின்றுவிடலாம். ஆகவே குறிப்பான பெயரைத் தேடாமல், அந்தக் கடிதம் யாருடைய சேகரிப்பில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசியுங்கள். கடிதம் பெரும்பாலும் எழுதியவரிடம் இருக்காது, பெற்றவரிடம்தான் இருக்கும்.

ஆர்க்கைவ்கிரிட் தளம் பல காப்பகங்களின் சேகரிப்பு விவரங்களை ஒன்றாகத் தேட உதவுகிறது. பிரிட்டன் தேசிய ஆவணக்காப்பகத்துக்கு டிஸ்கவரி என்ற கேட்டலாக் இருக்கிறது. நேரில் போக முடியாவிட்டால், பெட்டி எண்ணோடும் கோப்பு எண்ணோடும் நகல் கேட்டு எழுதலாம். எண் இல்லாமல் எழுதினால் பதில் தாமதமாகும்.

13. அச்சில் பதிப்பித்த நாட்குறிப்பு, கடிதத் தொகுப்பு ஆகியவற்றை முதன்மைச் சான்றாகக் கொள்ளலாமா?

கொள்ளலாம், எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டு. ஆங்கிலேயக் கடற்படை நிர்வாகி சாமுவேல் பெப்பீஸ் 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பு 1825இல்தான் முதலில் அச்சானது, அதுவும் பெரிய அளவில் வெட்டப்பட்டு. முழுமையான பதிப்பு 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. இலவசத் தளங்களில் கிடைப்பவை பெரும்பாலும் பதிப்புரிமை தீர்ந்த பழைய பதிப்புகள் என்பதை மறக்க வேண்டாம். பதிப்பாசிரியரின் முன்னுரையைப் படித்தால் என்ன நீக்கினார், எழுத்துக்கூட்டலைத் திருத்தினாரா என்று தெரியும்.

ஆவணம் எந்தக் கைகள் வழியாக வந்தது என்பதும் முக்கியம். 1983இல் ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று வெளியிட்டவை சில நாட்களிலேயே போலி என்று தெரிந்தன. காகிதமும் மையும் போருக்குப் பிந்தையவை.

14. சந்தா கட்டும் நூலகம் எனக்கு எட்டாது. என்ன செய்வது?

நிறைய செய்யலாம். ட்ரோவ், டெல்ஃபர், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா எல்லாம் இலவசம். அழியும் நிலையில் உள்ள சேகரிப்புகளைப் பல நாடுகளில் டிஜிட்டல் ஆக்கும் பிரிட்டிஷ் நூலகத்தின் எண்டேஞ்சர்டு ஆர்க்கைவ்ஸ் திட்டம் 2004 முதல் நடக்கிறது. இந்தியத் தேசிய ஆவணக்காப்பகத்துக்கு அபிலேக் படல் தளம் இருக்கிறது.

ஹாதிட்ரஸ்ட் என்ற இணைய நூலகத்தில் ஒரு வசதி உண்டு. பதிப்புரிமையில் இருக்கும் நூலை அது திறந்து காட்டாது, ஆனால் உங்கள் சொல் எந்தப் பக்கங்களில் வருகிறது என்று சொல்லிவிடும். பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, நூல் இருக்கும் இடத்தைத் தேடிப் போகலாம். நூலகங்களுக்கிடையே இரவல் முறையில் அந்தப் பக்கங்களை மட்டும் வரவழைக்கவும் கேட்கலாம். பல நூலகங்கள் வெளியாட்களையும் உள்ளே வந்து அங்குள்ள கணினியில் தரவுத்தளங்களைப் பார்க்க அனுமதிக்கின்றன. கேட்டுப் பாருங்கள்.

15. கிடைத்ததை எப்படிச் சேமிப்பது, எப்படிக் குறிப்பிடுவது?

வெட்டியெடுத்த செய்தியை மட்டும் சேமிக்காமல், முழுப் பக்கத்தின் படத்தையும் சேமியுங்கள். செய்தி முதல் பக்கத்தில் வந்ததா, எட்டாம் பக்கத்தின் மூலையில் வந்ததா, பக்கத்தில் என்ன விளம்பரம் என்பதெல்லாம் பின்னால் தேவைப்படும். முகவரிப் பட்டையில் இருக்கும் இணைப்பு பெரும்பாலும் அன்றைய உள்நுழைவோடு செத்துவிடும். தளம் தரும் நிலையான இணைப்பைத் தேடி எடுங்கள். பத்திரிகையின் பெயர், நாள், பக்கம், பத்தி, தரவுத்தளத்தின் பெயர், நீங்கள் பயன்படுத்திய தேடல் சொற்கள் எல்லாவற்றையும் அப்போதே எழுதிவிடுங்கள். ஜோடெரோ மென்பொருள் இதற்குப் போதும், இலவசம்தான்.

தளம் நாளைக்கும் இருக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலுக்குப் பிறகு பிரிட்டிஷ் நூலகத்தின் கேட்டலாக்கும் டிஜிட்டல் சேகரிப்புகளும் மாதக்கணக்கில் முடங்கின. தன் கணினியில் நகல் வைத்திருந்தவர்கள்தான் தொடர்ந்து எழுத முடிந்தது.

16. ஏஐயிடம் கேட்டால் சான்றுகளைத் தேடித் தராதா?

சொற்பட்டியல் தயாரிக்க உதவும். ஒரு நோய்க்கோ ஊருக்கோ இருந்த பழைய பெயர்களைக் கேட்டால் சில நல்ல யோசனைகள் வரும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் படிகளைப் படிக்க டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கருவிகள் உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் "இது பற்றி ஐந்து முதன்மைச் சான்றுகள் கொடு" என்று உரையாடல் ஏஐயிடம் கேட்டால், இல்லாத கடிதத்துக்கும் கோப்பு எண்ணோடு முகவரி தந்துவிடும். கேட்டலாக்கில் நீங்களே கண்ணால் பார்க்காத எதையும் அடிக்குறிப்பில் ஏற்ற வேண்டாம்.

17. நூலகரிடம் என்ன சொல்லிக் கேட்பது?

"போரைப் பற்றி ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டால் அவரும் தேடுபெட்டியில் "போர்" என்றுதான் போடுவார். உங்கள் ஆய்வுக் கேள்வி, கால எல்லை, இடம், நீங்கள் படிக்கத் தெரிந்த மொழிகள், இதுவரை எந்தெந்தத் தளங்களில் எந்தச் சொற்களைப் போட்டுப் பார்த்தீர்கள், எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நீங்கள் கேள்விப்படாத தரவுத்தளம், கேட்டலாக்கில் இன்னும் ஏறாத சேகரிப்பு, பக்கத்து நூலகத்தில் கிடக்கும் மைக்ரோஃபிலிம் என்று அவருக்குத் தெரிந்தவை வெளியே வருவது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான். மின்னஞ்சலில் கேட்பதானாலும் அந்தத் தாளில் இருப்பதையே எழுதி அனுப்புங்கள்.